கலிபோர்னியாவில் பொய் ரிப்போர்ட் எழுதிய போலீஸ்காரரின் சான்றிதழை ரத்து செய்ய முடியுமா?

முடியும். 2023 ஜனவரியிலிருந்து முடியும். அந்தச் சான்றிதழ் போனால் இந்த மாநிலத்தில் போலீஸ் வேலை பார்க்க முடியாது. கேள்வியைப் பார்த்தால் உங்களுக்கோ வீட்டில் யாருக்கோ சொல்லாததைச் சொன்னதாக எழுதிவிட்டார்கள் போலிருக்கிறது, எனக்கும் அதேதான் நடந்தது, அதனால் சட்டத்தை மட்டும் சொல்லிவிட்டுப் போக மனசு வரவில்லை. நான் வக்கீல் இல்லை, கம்ப்யூட்டர் வேலைதான்.

முதலில் சட்டம். இங்கே ஒவ்வொரு ஊருக்கும் தனித்தனி போலீஸ், தனித்தனி ஆள் எடுப்பு. இந்தச் சட்டத்துக்கு முன்பு, ஓர் ஊரில் விசாரணை தொடங்கியதும் ராஜினாமா செய்துவிட்டுப் பக்கத்து ஊரில் சேர்ந்துகொள்ள முடிந்தது, பெருங்குற்றத்தில் தண்டனை வாங்கினால்தான் கதவு மூடியது. 2018-ல் கார்டீனா நகரத்தில் கென்னத் ராஸ் ஜூனியர் என்ற 25 வயதுப் பையனைச் சுட்டுக் கொன்ற போலீஸ்காரர் அதற்கு முன் வேறோர் ஊர் போலீஸில் இருந்தவர், அங்கேயும் துப்பாக்கிச் சூடுகளில் சம்பந்தப்பட்டவர். செனட்டர் ஸ்டீவன் பிராட்ஃபோர்டின் மசோதா அந்தப் பையன் பெயரிலேயே வந்தது, 2021 செப்டம்பர் 30 அன்று கவர்னர் நியூசம் கார்டீனாவுக்கே போய்க் கையெழுத்துப் போட்டார். சுட்டால், அடித்தால் மட்டும் இல்லை, ரிப்போர்ட்டில் பொய் எழுதுவது, சாட்சியத்தை மறைப்பது, உடல் கேமரா பதிவில் கை வைப்பது எல்லாமே 'நேர்மையின்மை' என்ற தலைப்பில் சான்றிதழைப் பறிக்கக் காரணம். ஆள் ராஜினாமா செய்தாலும் துறை விசாரணையை முடித்தாக வேண்டும், போஸ்ட் என்று சுருக்கமாகச் சொல்லும் மாநில ஆணையத்துக்கும் தெரிவித்தாக வேண்டும். 9 பேர் கொண்ட ஆலோசனைக் குழு பரிந்துரைத்து, ஆணையத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு விழுந்தால் சான்றிதழைப் பறிக்கும் நடவடிக்கை தொடங்கும்.

இப்போது என் கதை. ஊர் பெயர் வேண்டாம், சான் பிரான்சிஸ்கோவைச் சுற்றியுள்ள பே ஏரியாவில் ஒரு சின்ன நகரம். 2023 நவம்பர், சனிக்கிழமை சாயங்காலம் அப்பாவோடு கோயிலுக்குப் போய்விட்டு வருகிறேன். பச்சை அம்பு விழுந்து இடப்பக்கம் திரும்பும்போது எதிரே சிவப்பில் வந்த வண்டி பின் கதவில் இடித்தது. பின் சீட்டில் இருந்த புளியோதரை டப்பா கவிழ்ந்து சீட் முழுக்க எண்ணெய். வந்த போலீஸ்காரர் மரியாதையாகத்தான் பேசினார், அம்பு பச்சையாக இருந்தது என்று இரண்டு முறை சொன்னேன், தலையாட்டினார். பத்து நாள் கழித்து வந்த ரிப்போர்ட்டில் 'சிக்னல் மஞ்சளான பிறகு திரும்பியதாக ஓட்டுநர் ஒப்புக்கொண்டார்' என்று இருந்தது.

அப்பா திருநெல்வேலிப் பக்கம் ஸ்டேஷன் ரைட்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். அன்றைக்கு ரோட்டோரம் நின்றபோதே "அவன் நெஞ்சுல சிவப்பா மினுக்குதே, அது என்னப்பா?" என்று கேட்டவர் அவர்தான். அது உடல் கேமரா, அந்தப் பதிவைப் பாருங்கள் என்று துறைக்கு எழுதினேன். ஆறு வாரம் கழித்து ஒரு சார்ஜென்ட் போன் செய்தார், பதிவைப் பார்த்தோம், நீங்கள் அப்படிச் சொல்லவில்லை, அதிகாரிக்கு 'ஞாபகப் பிசகு', திருத்த அறிக்கை போட்டுவிட்டோம் என்றார். அவ்வளவுதான்.

வேறு ஊரில் ஒன்றும் நடக்காமலே போகும், இங்கே திருத்தமாவது கிடைத்ததே என்று சிலர் கமென்டில் வருவீர்கள், தெரியும். போலீஸ் எல்லாரும் பொய்யர்கள் என்றும் நான் சொல்லவில்லை, போலீஸ் சம்பளத்தில் படித்தவன் நான். ஆனால் சட்டம் பிடிப்பது தெரிந்தே எழுதிய பொய்யை. அது பொய்யா பிசகா என்று முதலில் பெயர் வைப்பது அதே துறை. பிசகு என்று எழுதி மூடிவிட்டால் மாநிலம் வரை என்ன போகும்? அப்பாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நாங்களும் 'தவறுதலாக'ன்னு ஒரு வார்த்தை சேர்த்துதான் எழுதுவோம்" என்றார்.

இதற்குள் இன்ஷூரன்ஸ் முழுத் தப்பும் என்னுடையது என்று முடிவு கட்டி, ஆறு மாத பிரீமியம் 940 டாலரிலிருந்து 1,380 ஆகிவிட்டது. பொங்கல் விழாவில் ஸ்டால் போட்டு 'நம்ம ஆளு சார்' என்று தோளில் கை போட்டு பாலிசி விற்ற ஏஜென்ட் இருக்கிறாரே, விபத்துக்குப் பிறகு ஒரு போன் எடுக்கவில்லை. காலண்டர் மட்டும் வருஷா வருஷம் வருகிறது. திருத்த அறிக்கையை நானே அனுப்பி, நானே மல்லுக்கட்டி, ஏறியதில் பாதியைத்தான் இறக்க முடிந்தது.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். கேமரா பதிவை அழிக்காமல் வைக்கச் சொல்லி முதல் வாரமே எழுத்தில் கேளுங்கள், எல்லாப் பதிவையும் காலம் முழுக்க வைத்திருக்க மாட்டார்கள். துறைக்குப் புகார் கொடுப்பதோடு போஸ்ட் ஆணையத்துக்கும் பொதுமக்கள் நேரடியாகவே புகார் அனுப்பலாம், அவர்கள் தளத்திலேயே படிவம் இருக்கிறது.

நீ அனுப்பினாயா என்று கேட்பீர்கள். இல்லை. "கிரீன் கார்டு வரிசையில நிக்கிற, போலீஸோட எதுக்கு வம்பு" என்று நண்பர்கள் சொன்னபோது கோழைகள் என்று திட்டினேன். புகார் கொடுத்தால் கிரீன் கார்டுக்கு ஒன்றும் ஆகாது என்று எனக்கும் தெரியும். இருந்தும் அந்தப் படிவம் பாதி நிரப்பியபடி இன்னும் லேப்டாப்பில்தான் கிடக்கிறது.