தெற்கு பார்த்த தாஜ்மஹால்: கேமராவுடன் போகிறவர்களுக்குச் சில பதில்கள்

ஆக்ராவுக்குப் படம் எடுப்பதற்காகவே ஐந்து முறை போயிருக்கிறேன். அதைத் தெரிந்துகொண்டு பலரும் கேட்டவற்றை இங்கே சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

அண்ணா, டிசம்பர் விடுமுறையில் போகலாமா, கோடை விடுமுறையில் போகலாமா? எப்போது படம் நன்றாக வரும்?

இதற்குப் பதில் தாஜ்மஹால் எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதில் இருக்கிறது. நாம் எல்லோரும் படத்தில் பார்த்துப் பழகிய முகப்பு தெற்கு நோக்கியது. பின்னால், வடக்கில், யமுனை.

குளிர்காலத்தில் சூரியன் தென்கிழக்கில் உதித்துத் தென்மேற்கில் மறைகிறது. அதனால் காலையிலும் மாலையிலும் முகப்பின்மேல் சாய்ந்த வெயில் விழும். சலவைக்கல்லில் செதுக்கிய ஒவ்வொரு பூவுக்கும் மெல்லிய நிழல் கிடைக்கும். ஜூன் மாதத்தில் கதையே வேறு. சூரியன் வடகிழக்கில் எழுவதால் விடிகாலையில் முகப்பு நிழலில் இருக்கும். என் முதல் பயணம் ஜூனில்தான். நான்கு மணிக்கே எழுந்து போய் வரிசையில் நின்றேன். உள்ளே போனால் முகப்பில் ஒரு துளி வெயில் இல்லை. மூன்று மணி நேரச் சீட்டில் பாதியை வெயிலுக்காகக் காத்தே கழித்தேன்.

கோடையில்தான் போக முடியும் என்றால் மாலையில் ஆற்றின் அக்கரைக்குப் போய்விடுங்கள். அங்கே மெஹ்தாப் பாக் என்ற பழைய முகலாயத் தோட்டம் இருக்கிறது. வடமேற்கில் மறையும் சூரியன் தாஜின் பின்பக்கத்தைப் பொன்னாக்குவதைப் பார்க்கலாம். அதே இடத்தில் டிசம்பரில் நின்றால் சூரியன் எதிரே இருக்கும், கட்டடம் நிழலுருவமாகத் தெரியும். அதுவும் அழகுதான். இரண்டில் எது வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு போங்கள்.

டிசம்பரில் மூடுபனி இருக்குமாமே? பணம் வீணாகிவிடாதா?

டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் காலைப் பனி அடர்த்தியாக இருக்கும். சில நாள் பத்து மணி வரை கோபுரமே தெரியாது. முடிந்தால் ஆக்ராவில் இரண்டு இரவு தங்குங்கள். நான் எடுத்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்த படம் அப்படி ஒரு பனிக் காலையில் கிடைத்தது: அடித்தளம் மறைந்து குவிமாடம் மட்டும் மிதந்தது. நவம்பரும் பிப்ரவரியும் நடுநிலையான மாதங்கள்.

டிரைபாட் கொண்டு போகலாமா, சார்?

கூடாது. சின்ன மேசை டிரைபாடும் கூடாது, டிரோன் அறவே கூடாது. பெரிய பை, சாப்பாட்டுப் பொருள் எதுவும் வேண்டாம். கேமரா, இரண்டு லென்ஸ், கூடுதல் பேட்டரி போதும். இன்னொன்று, வெள்ளிக்கிழமை பார்வையாளர்களுக்கு விடுமுறை. ரயில் சீட்டு எடுக்கும்போதே இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெள்ளைப் பளிங்கு என் படத்தில் சாம்பல் நிறமாக வருகிறது. ஏன்?

கேமராவுக்குள் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் என்றே கணக்குப் போடும். படச் சட்டம் முழுக்க வெள்ளை இருந்தால், வெளிச்சம் அதிகம் என்று நினைத்துக் குறைத்துவிடும். எக்ஸ்போஷரை, அதாவது படத்துக்கு விடும் வெளிச்சத்தை, அரையிலிருந்து ஒரு ஸ்டாப் வரை கூட்டுங்கள் (ஒரு ஸ்டாப் என்றால் இரு மடங்கு வெளிச்சம்). அப்புறம் படத்தின் இருளையும் வெளிச்சத்தையும் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமைப் பாருங்கள், வலது ஓரத்தில் முட்டி நிற்கக்கூடாது. நண்பகல் வெயிலில் இதற்கு நேர்மாறான ஆபத்து உண்டு: பளிங்கின் நுணுக்கமெல்லாம் வெளிறிப்போகும். கேமரா பதிவு செய்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பாக எடுத்தால் இரண்டையும் பின்னால் ஓரளவு சரிசெய்யலாம்.

தயவுசெய்து வண்ணச் சாயலைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடாதீர்கள். விடியலில் நீலச்சாயல், பிறகு இளஞ்சிவப்பு, பிறகு வெண்ணெய் நிறம் என்று அந்தக் கல் மாறிக்கொண்டே இருக்கும். ஆட்டோவில் விட்டால் கேமரா அதையெல்லாம் ஒரே வெள்ளையாக்கப் பார்க்கும். பகல் வெளிச்ச அமைப்பில் வைத்தால் அந்த மாற்றம் படத்திலும் தங்கும். இவ்வளவு தூரம் போவதே அந்த மாற்றத்தைப் பார்க்கத்தானே.

மூலைகளில் நிற்கும் மினார்கள் (கோபுரங்கள்) நான்கும் உள்பக்கம் சாய்ந்த மாதிரி விழுகின்றன. லென்ஸ் கோளாறா?

இல்லை. அகலமான காட்சியை அடக்கும் வைட் ஆங்கிள் லென்ஸை மேலே சாய்த்துப் பிடிக்கிறீர்கள். உண்மையில் மினார்கள் வெளிப்பக்கமாகச் சற்றே சாய்த்துக் கட்டப்பட்டவை. அவை உட்பக்கம் விழுவது போல வந்தால் கட்டியவர்களின் கணக்கையே மாற்றிக் காட்டியதாகிவிடும். பின்னோக்கி நகர்ந்து, கேமராவை மட்டமாகப் பிடியுங்கள்.

நுழைவாயிலில் ஒரே கூட்டம். ஆள் இல்லாத படம் கிடைக்குமா?

சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பு திறப்பார்கள். முதல் ஆட்களாக நுழைந்தால் நீர்வாய்க்கால் ஓரம் பத்து நிமிடம் கிடைக்கும். கேமராவைத் தண்ணீர் மட்டத்துக்குத் தாழ்த்தினால் பிரதிபலிப்பு நீளும், எதிரே நிற்பவர்களும் குறைவாகத் தெரிவார்கள். நீரூற்று ஓடினால் பிரதிபலிப்பு கலைந்துவிடும், அதற்கு ஒன்றும் செய்ய முடியாது.

ஆனால் எல்லோரும் நடுக்கோட்டிலேயே நிற்கிறார்கள். மேற்கே மசூதி, கிழக்கே அதற்கு இணையாகக் கட்டிய கட்டடம், இரண்டும் சிவப்பு மணற்கல். அவற்றின் வளைவுகளுக்குள் நின்று தாஜைச் சட்டமிட்டுப் பாருங்கள். மார்ச், செப்டம்பர் மாதங்களில் சூரியன் நேர் கிழக்கில் எழும்போது மசூதிப் பக்கம் நின்றால் தாஜ் கருநிழலாக நிற்கும், ஓரங்கள் மட்டும் ஒளிரும்.

உள்ளே மும்தாஜின் சமாதியைப் படம் எடுக்கலாமா?

முதன்மைக் கல்லறை மண்டபத்துக்குள் படம் எடுக்கத் தடை. அது நியாயம் என்றே நினைக்கிறேன். 1631இல் பதினான்காவது பிரசவத்தில் இறந்துபோன பெண்ணின் கல்லறை அது. அங்கே கேமராவை மூடிவிட்டு நில்லுங்கள். மேலே தெரிபவை அடையாளச் சமாதிகள், உண்மையான கல்லறைகள் கீழே இருக்கின்றன. மும்தாஜின் சமாதி சரியாக நடுவில் இருக்கிறது. ஷாஜகானுடையது பக்கத்தில், மேற்கே சற்றுத் தள்ளி. இவ்வளவு சமச்சீரான கட்டடத்தில் அந்த ஒரு சமாதிதான் சமச்சீரைக் கலைக்கிறது.

பௌர்ணமி இரவில் எடுக்க ஆசை. வழி சொல்லுங்கள்.

பௌர்ணமியும் அதற்கு முன் இரண்டு, பின் இரண்டு இரவுகளும் அனுமதி உண்டு. வெள்ளிக்கிழமையும் ரமலான் மாதமும் கிடையாது. ஐம்பது பேர் கொண்ட குழுவாக, அரை மணி நேரம், தொலைவிலிருந்துதான் பார்க்க வேண்டும். பௌர்ணமியன்று நிலா நள்ளிரவை ஒட்டித் தெற்கே வரும். ஆகவே கடைசிக் குழுக்களுக்கு முகப்பில் நேராக ஒளி விழும். முந்தைய இரண்டு இரவுகளில் நிலா சீக்கிரமே உயர்ந்துவிடுவதால் முதல் குழுவில் போனாலும் நட்டமில்லை.

டிரைபாட் இல்லாததுதான் சிரமம். ஒளி உணர்திறனான ஐஎஸ்ஓவை 6400 என்றும் லென்ஸின் திறப்பை எஃப் 1.8 என்றும் வைத்தாலும் ஷட்டர் கால் நொடி அளவுக்குத் திறந்திருக்க வேண்டியிருக்கும். முழங்கைகளை உடலோடு ஒட்டி, மூச்சை விட்டபின், தொடர்ச்சியாக எட்டுப் பத்துப் படம் எடுங்கள். ஒன்றாவது கூர்மையாக வரும்.

ஐயா, என்னிடம் போன் மட்டும்தான். அம்மாவுக்கு எழுபது வயது, அந்தப் பளிங்கு பெஞ்சில் உட்கார வைத்து ஒரு படம் வேண்டும். அவ்வளவுதான்.

போனே போதும் அம்மா. 1992இல் இளவரசி டயானா உட்கார்ந்த பெஞ்சு அது, எப்போதும் வரிசை இருக்கும், அதனால் காலையிலேயே போய்விடுங்கள். குளிர்காலக் காலையில் அம்மாவின் முகத்தில் பக்கவாட்டு வெயில் மென்மையாக விழும். நண்பகலில் கண்ணுக்குக் கீழே கருநிழல் விழுந்துவிடும். திரையில் அவர் முகத்தைத் தொட்டு ஃபோகஸ் வையுங்கள். நீங்கள் குத்தவைத்து, அவர் கண் மட்டத்தில் போனைப் பிடியுங்கள், குவிமாடத்தின் உச்சி வெட்டுப்படாமல் பாருங்கள். அவரைச் சிரிக்கச் சொல்ல வேண்டாம். முதலில் தாஜைத் திரும்பிப் பார்க்கட்டும். பார்த்துவிட்டு உங்கள் பக்கம் திரும்புவார், அப்போது எடுங்கள்.