தன்னார்வலர்கள் ஏன் நின்றுவிடுகிறார்கள்?

ஐயா,

கோத்தகிரி பக்கம் ஒரு சோலையின் ஓரத்தில், மாதம் ஒரு ஞாயிறு சீகை (வாட்டில் என்னும் அந்நிய மரம்) நாற்றுகளைப் பிடுங்கிவிட்டுச் சோலை மரக்கன்றுகள் நடுகிறோம். 2024 ஜனவரியில் லாங்வுட் சோலை, உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்த சமயத்தில் ஐம்பது பேர் வந்தார்கள். இப்போது எட்டுப் பேர். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுப்பே இல்லையோ என்று தோன்றுகிறது. என்ன செய்யலாம்?

ஆர்., கோத்தகிரி

அன்புள்ள ஆர்.,

பொறுப்பில்லாதவர் லீவு நாளில் குளிரில் எழுந்து அட்டைக்கடி வாங்க ஒருமுறைகூட வரமாட்டார். அந்த ஐம்பது பேரும் வந்தவர்கள்தான். வந்த பிறகு அவர்களுக்கு என்ன கிடைத்தது என்று பாருங்கள்.

சீகை விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். மரத்தை வெட்டி வெயில் விழுந்ததும் கீரைப்பாத்தி மாதிரி முளைத்துவிடும். போன மாதம் இடுப்பொடியப் பிடுங்கிய இடம் மறுபடி பச்சையாக நிற்பதைப் பார்க்கும் புதியவர், உழைப்பெல்லாம் வீண் என்றுதான் நினைப்பார். வருடக்கணக்கில் பிடுங்கப் பிடுங்கத்தான் மண்ணில் விதை குறையும் என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

குறைவது கண்ணுக்கும் தெரியவேண்டும். இரண்டு மூன்று பேருக்கு ஒரு துண்டு என்று பிரித்து, மூலையில் குச்சி நட்டு, அந்தத் துண்டை அவர்கள் பொறுப்பிலேயே விடுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே பாறைமேல் நின்று போட்டோ எடுக்கட்டும். பிடுங்கிய நாற்றுகளை எண்ணி நோட்டில் எழுதட்டும். தான் நட்ட கன்று உறைபனியில் தப்பியதா என்று பார்க்கவாவது ஜனவரியில் ஒருவர் வருவார்.

அப்புறம், எல்லோரும் ஒரே காரணத்துக்காக வருவதில்லை. அமெரிக்க உளவியலாளர்கள் கில் கிளாரியும் மார்க் ஸ்னைடரும் மற்றவர்களும் 1998இல் வெளியிட்ட ஆய்வு, தன்னார்வலர்களின் நோக்கங்களை ஆறு வகையாகப் பிரித்தது. வந்த நோக்கம் நிறைவேறியவர்களுக்கே திருப்தியும் தொடரும் விருப்பமும் அதிகம் என்பது அதன் முக்கியமான முடிவு. தாவரவியல் படிக்கும் பெண் செடிகளின் பெயர் தெரிந்துகொள்ள வருகிறாள். ஓய்வுபெற்றவர் நாலு பேரோடு பேச வருகிறார். இருவர் கையிலும் ஒரே மண்வெட்டியைக் கொடுத்து ஆளுக்கொரு மூலைக்கு அனுப்பினால் இருவருமே நின்றுவிடுவார்கள். ஏன் வந்தீர்கள் என்று நேராகவே கேளுங்கள்.

ஒன்பது மணி என்றால் ஒன்பதுக்கே தொடங்கி, சொன்ன நேரத்தில் முடியுங்கள். கருவிகள் வரட்டும் என்று அரை மணி நேரம் நிற்கவைப்பதைவிட மோசமான வரவேற்பு இல்லை. தேயிலை பறிப்பவர்களுக்கு வாரத்தில் ஞாயிறு ஒரு நாள்தான் துணி துவைக்கவும் சந்தைக்குப் போகவும். பஸ் காசைக் கேட்காமலே கொடுங்கள். சுடச்சுட டீயும் வர்க்கியும் இருக்கட்டும்.

எனக்குப் பெரிய கவலை மிச்சமிருக்கும் எட்டுப் பேரைப் பற்றித்தான். அவர்களில் ஒருவர் போன் செய்வது, கருவி தூக்குவது, கணக்கு எழுதுவது எல்லாவற்றையும் இழுத்துப்போட்டுச் செய்துகொண்டிருப்பார். அடுத்து நிற்கப்போவது அவர்தான். இந்த மாதமே அவரிடமிருந்து இரண்டு வேலைகளை எடுத்து வேறொருவரிடம் கொடுங்கள். மூன்று மாதம் வரமுடியாது என்று ஒருவர் சொன்னால், சரி, போய்வாருங்கள் என்று மனதாரச் சொல்லுங்கள். முகம் சுளித்தால் நான்காம் மாதமும் வரமாட்டார்.

நின்றுபோனவர்களில் ஐந்தாறு பேருக்கு இந்த வாரம் போன் செய்யுங்கள். திரும்ப வரச் சொல்லி அழைக்கவேண்டாம். என்ன பிடிக்கவில்லை என்று மட்டும் கேட்டு, அவர்கள் சொல்வதை மறுத்துப் பேசாமல் எழுதிக்கொள்ளுங்கள்.