இன்று யாரைப் பார்க்க வந்தீர்கள்? – கடிதம்

அன்புள்ள அண்ணா,

கல்லூரிக் காலத்திலிருந்து மெட்டல்கோர் என்கிற, கனமான கிடாரும் உறுமலும் கலந்த இசையைக் கேட்பவன் நான். ஆறு மாதமாக ஜப்பானியக் குழுக்கள் மட்டும்தான். கிராஸ்ஃபெய்த், கிறிஸ்டல் லேக், ஹனாபிஎ, ஃபியர் அண்ட் லோதிங் இன் லாஸ் வேகாஸ் என்று போகிறது. அமெரிக்கக் குழுக்களிடம் இல்லாத ஏதோ ஒன்று இவர்களிடம் இருக்கிறது. ஒரே பாட்டில் டிரான்ஸ் என்கிற மின்னணு நடன இசை, ராப், கொஞ்சும் குரல், அடுத்த நொடி மிருகக் குரல். ஜப்பான் எல்லாவற்றையும் அடக்கி வைக்கும் சமூகம், அந்த அழுத்தம்தான் மேடையில் வெடிக்கிறது என்கிறான் நண்பன். சரியா? இதெல்லாம் அசல் மெட்டல்கோரே இல்லை, அனிமே பாட்டு என்றும் சிலர் சொல்கிறார்கள். மொழி தெரியாமல் கேட்பதில் அர்த்தம் உண்டா? அம்மா தினமும் கதவைத் திறந்து "என்னடா ஆச்சு?" என்று கேட்டுவிட்டுப் போகிறார்.

ர., கோவை

அன்புள்ள ர.,

கடைசியிலிருந்து வருகிறேன். அம்மாவுக்காக ஹெட்ஃபோன் வாங்குங்கள். மொழி பற்றிய கவலையை விடுங்கள். நகோயாவின் கோல்ட்ரெய்ன் குழு பாடுவது ஆங்கிலத்தில்தான். அவர்கள் உறுமும் இடத்தில் எத்தனை சொல் உங்களுக்குப் புரிந்தது?

இந்தக் கடிதம் வந்த வாரத்தில் ஒரு பழைய குளிர்கோட்டைத் துவைக்கப் போட எடுத்தேன். உள்பையில் ஒரு பிளாஸ்டிக் வில்லை இருந்தது. நம் டோக்கன் மாதிரி, பத்து ரூபாய் நாணய அளவு. அது இப்போதும் மேசையில் கிடக்கிறது. இல்லாவிட்டால் உங்களுக்குப் பதில் எழுதியிருப்பேனா என்பது சந்தேகம்தான்.

2012-ல் வேலைக்காக ஒசாகாவில் இருந்தேன். ஒரு சனிக்கிழமை மாலை அலுவலகத் தம்பி ஒருவன் அமெரிக்காமுராவில் ஒரு நிலவறைக்கு அழைத்துப் போனான். லைவ் ஹவுஸ் என்பார்கள். இருநூறு பேர் நின்றால் மூச்சு முட்டும் இடம். வாசலில் மேசை போட்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். டிக்கெட்டை வாங்கிக்கொண்டு, குடிபானத்துக்குத் தனியாக 500 யென் கேட்டாள். குடிக்க மாட்டேன் என்றாலும் விடமாட்டார்கள், கட்டியே ஆகவேண்டும். அதற்குத்தான் இந்த வில்லை. அப்புறம் என்னைப் பார்த்துப் பணிவாக ஒரு கேள்வி கேட்டாள். "இன்று யாரைப் பார்க்க வந்தீர்கள்?"

அவள் முன்னால் இருந்த தாளில் ஐந்து குழுக்களின் பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் கோடுகள். நாம் நான்கு கோடு போட்டுக் குறுக்கே ஐந்தாவதை இழுப்போம். அவர்கள் ஐந்து கோடுள்ள ஒரு எழுத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக எழுதி முடிப்பார்கள். எனக்கு யாரையும் தெரியாது. ஜப்பானிய எழுத்து வகைகளில் கட்டகானா மட்டும் தட்டுத்தடுமாறி வாசிப்பேன். அதில் எழுதியிருந்த, இருப்பதிலேயே சின்னதான பெயரைத் தொட்டுக் காட்டினேன். ஒரு கோடு விழுந்தது.

அந்தக் கோடு பணம் என்பதைத் தம்பி பிறகு சொன்னான். ஒரே இரவில் நான்கைந்து குழுக்கள், ஆளுக்கு அரை மணி நேரம். இதற்கு தாய்பான் என்று பெயர். ஒவ்வொரு குழுவும் இத்தனை டிக்கெட் விற்றாக வேண்டும், உதாரணமாக இருபது. விற்காததற்குக் கைக்காசு கட்டவேண்டும். இந்தக் கணக்குக்குப் பெயர் நொருமா. சோவியத் முகாம்களில் கைதிகளாக இருந்து திரும்பிய ஜப்பானியர் கொண்டுவந்த ருஷ்யச் சொல் அது. கிடார் வாசிக்கிற பையன்கள் தலையில் எந்தச் சொல் வந்து உட்கார்ந்திருக்கிறது பாருங்கள். கணக்குக்கு மேல் கோடு விழுந்தால்தான் குழுவுக்குப் பங்கு.

இப்போது உங்கள் நண்பருக்கு வருகிறேன். அடக்கி வைத்த சமூகம் வெடிக்கிறது என்று சொல்வது யோசிக்கச் சோம்பலாக இருக்கிறவர்கள் சொல்வது. ஜப்பானில் எதைக் கண்டாலும் ஒன்று ஜென், இல்லாவிட்டால் அழுத்தம். நூடுல்ஸை உறிஞ்சிக் குடித்தால்கூட அழுத்தம் என்பார்கள். கத்துகிறவனெல்லாம் வலியில் கத்துகிறான் என்றால் மீன் சந்தையில் நிற்கிற அத்தனை பேரையும் ஆஸ்பத்திரியில் சேர்க்கவேண்டியதுதான். கத்துவது ஒரு தொழில், தம்பி. டெத் வாய்ஸ், அதாவது மரணக் குரல், என்று அதற்கு அவர்களே ஓர் ஆங்கிலச் சொல்லைச் செய்து வைத்திருக்கிறார்கள். கொஞ்சும் குரலிலிருந்து அதற்கு ஒரே மூச்சில் இறங்க வருடக்கணக்கில் தொண்டையைப் பழக்கவேண்டும். வெடிக்கிற பொருளுக்கு அந்த நிதானம் கிடையாது.

ஹனாபிஎயின் அலுவலகப் பாட்டை நண்பர் ஆதாரமாகக் காட்டுவார். மற்றவர்கள் வேலை செய்துகொண்டிருக்கும்போது கிளம்புகிறவர் சொல்லும் வாக்கியம்தான் அதன் தலைப்பு. முன்னதாகப் போகிறேன், மன்னியுங்கள். அந்த வாக்கியத்தை நானும் தினமும் முனகியிருக்கிறேன், பையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு. ஆனால் பாட்டில் இருப்பது கிண்டல். பள்ளித் தோழிகள் 2015-ல் ஆரம்பித்த குழு அது. டோக்கியோவில் இளைஞர் நாகரிகத்துக்குப் பேர்போன ஹராஜுகு பகுதியை வைத்து, தங்கள் இசைக்கு ஹராஜுகு கோர் என்று பெயர் வைத்தவர்கள். செர்ரி பூக்கிற பருவத்தில் திடீரென்று வருகிற குளிருக்குத்தான் ஹனாபிஎ என்று பெயர். இவர்களைப் போய் அழுத்தத்தின் பலிகள் ஆக்காதீர்கள்.

நான் சொல்வது வேறு. அரங்கில் நிற்கிறவர்களில் பெரும்பாலானோர் வேறு யாரையோ பார்க்க வந்தவர்கள். தாளில் அவர்களின் கோடு வேறு பெயருக்கு எதிரில் விழுந்துவிட்டது. உங்களுக்கு இருப்பது முப்பது நிமிடம். என்ன செய்வீர்கள்? ஒரே மனநிலையில் ஆறு நிமிடப் பாட்டு வாசிப்பீர்களா? இருபது விநாடிக்கு ஒரு தடவை கதவைத் தட்டுவீர்கள். ஆட வந்தவனுக்கு டிரான்ஸ், முட்டி மோத வந்தவனுக்கு பிரேக்டவுன் என்கிற, வேகம் குறைந்து கனமாக இடிக்கும் பகுதி, காதலியோடு வந்தவனுக்கு ஸாபி. ஸாபி என்பது நம் பல்லவி மாதிரி, பாட்டின் உச்சி. ஜப்பானிய சினிமாப் பாட்டும் பாப் பாட்டும் ஏ மெலடி, பி மெலடி என்று படியேறி அங்கேதான் போய் நிற்கும். இவர்களும் உறுமி உறுமி அங்கேதான் ஏறுகிறார்கள். உங்கள் பட்டியலில் உள்ள, கோபே நகரத்து ஃபியர் அண்ட் லோதிங் இன் லாஸ் வேகாஸ் குழுவைக் கேளுங்கள். ஆட்டோட்யூன் போட்ட குரல் ஒன்று, அறுக்கிற குரல் ஒன்று, இரண்டுக்கும் நடுவில் கீபோர்டு. அந்த கீபோர்டு சத்தத்துக்கு அங்கே "பிகோ பிகோ" என்று பெயர், நம் கலகல, சலசல போல. அதை ஸ்க்ரீமோ என்கிற அலறல் இசையோடு ஒட்டி பிகோரீமோ என்று ஒரு வகையே ஆக்கிவிட்டார்கள். ஃபுகுஓகாவின் பேல்டஸ்க் குழு இன்னும் மோசம். ஒரு பாட்டுக்குள் எத்தனை பாட்டு என்று எண்ணி முடிப்பதற்குள் பாட்டு முடிந்துவிடும்.

அனிமே பாட்டு என்று ஏளனம் செய்கிறவர்களுக்கும் இதே பதில்தான். தொடரின் தொடக்கப் பாடலுக்குக் கிடைப்பது ஏறக்குறைய 90 விநாடி. பார்ப்பவர் கதைக்காக உட்கார்ந்திருக்கிறார், குழுவுக்காக அல்ல. 2014-ல் பாராசைட் தொடருக்கு லாஸ் வேகாஸ் குழுவும், 2022-ல் அட்டாக் ஆன் டைட்டனுக்கு சிம் குழுவும் அந்த 90 விநாடிக்குள் உறுமலையும் ஸாபியையும் அடைத்துக் காட்டினார்கள். எதிரே இருந்தது மறுபடியும் வேறு யாரையோ பார்க்க வந்த கூட்டம்.

கிறிஸ்டல் லேக் இதில் எங்கே வருகிறது என்று கேட்பீர்கள். வரவில்லை. அவர்கள் யாரையும் கொஞ்சாமல் நேராக இடிக்கிறவர்கள். அதற்காக என் வாதத்தை மாற்றிக்கொள்வதாக இல்லை.

அன்று நான்காவதாக வந்த குழுவின் பாடகன் நிகழ்ச்சி முடிந்து படிக்கட்டு ஓரம் டி-ஷர்ட் விற்றுக்கொண்டிருந்தான். சற்றுமுன் மைக்கைக் கடித்துத் தின்பவன் போலிருந்தவன், மீதிச் சில்லறையை இரண்டு கையாலும் நீட்டி, குனிந்து, தேய்ந்துபோன குரலில் நன்றி சொன்னான். கழுத்துத் துண்டு நனைந்து சொட்டியது. இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதிருக்கும். உங்கள் வயதுதான்.

நான் கோடு போடவைத்த குழுவின் பெயர் மறந்துவிட்டது. அவர்கள் இரண்டாவதாக வாசித்தார்களாம். அப்போது நான் காதைப் பொத்திக்கொண்டு தெருவில் நின்றிருந்தேன். திரும்பி உள்ளே போனபோது கூட்டத்தைத் தாண்டி பார் பக்கம் போகவே முடியவில்லை, வில்லை கோட்டுப் பையிலேயே தங்கிவிட்டது.

அன்புடன்,
அண்ணன்