அரசுப் பள்ளிகளில் விளையாட்டுக்கென்று தனியாகப் பணம் வருகிறதா?

வருகிறது. 2018-இல் தொடங்கிய, பள்ளிக் கல்விக்கான மத்திய அரசின் சமக்ர சிக்ஷா திட்டத்தில், விளையாட்டுப் பொருட்கள் வாங்க ஆண்டுக்குத் தொடக்கப் பள்ளிக்கு 5,000 ரூபாய், நடுநிலைப் பள்ளிக்கு 10,000, உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு 25,000 வரை என்று விதிமுறை வகுத்தார்கள். தமிழ்நாட்டில் இதில் 60 சதவீதம் மத்திய அரசின் பங்கு, மீதி மாநிலத்துடையது. மாதிரிப் பள்ளிகளுக்கான மத்திய அரசின் பி.எம்.ஸ்ரீ திட்ட ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடாத தகராறில் 2024-25-இல் மத்தியப் பங்கு நின்றுபோனது. இரண்டு அரசுகளின் சண்டையில் பிள்ளைகளின் பந்துக்கான காசும் மாட்டிக்கொள்வது அநியாயம்.

5,000 ரூபாய்க்கு நாலைந்து பந்து, ஸ்கிப்பிங் கயிறு, ஒரு கேரம் போர்டு வாங்கலாம். சரி, விளையாடக் கற்றுத்தருவது யார்? என்னைக் கேட்டால் பெரிய ஓட்டை அங்கேதான். 6 முதல் 8 வரையிலான வகுப்புகளில் 100 பிள்ளைகளுக்கு மேல் இருந்தால்தான் பகுதிநேர உடற்கல்விப் பயிற்றுநர் வேண்டும் என்கிறது 2009 கல்வி உரிமைச் சட்டம். சின்னப் பள்ளிகளுக்கு அந்த வாய்ப்பே இல்லை.

உங்கள் பள்ளிக்கு வந்த தொகை எப்படிச் செலவானது என்று பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் கேளுங்கள். அந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும் என்பதும் அதே சட்டம்தான். அப்புறம், வாங்கிய பொருட்கள் பீரோவுக்குள் பூட்டிக் கிடக்கின்றனவா என்றும் பாருங்கள்.