தரிசு என்று எழுதாதீர்கள் (கடிதம்)

அண்ணாச்சி,

சென்னையில் வேலை, பாளையங்கோட்டையில் வீடு. மாதம் ஒருமுறை வாகைக்குளத்துக்கு விமானத்தில் வருகிறேன். புகையை நினைத்தால் உறுத்துகிறது. செடி எண்ணெய், பழைய சமையல் எண்ணெய் போன்றவற்றிலிருந்து எடுக்கும் பசுமை விமான எரிபொருள் வந்தால் கரிமம் 80 சதவீதம் வரை குறையுமாமே, அதன் பிறகு நிம்மதியாகப் பறக்கலாமா? அதற்கு எண்ணெய் தரும் காட்டாமணக்கை நம் தரிசில் போட்டால் விவசாயிக்கும் வருமானம்தானே?

கா.

அன்புள்ள தம்பி,

அம்மாவைப் பார்க்க ஓடி வருகிற பிள்ளையை நான் தடுக்க மாட்டேன். நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறிப் படுத்தால் விடியும்போது ஊர், அதையும் யோசியுங்கள். விமான எரிபொருளில் பசுமை எரிபொருளைக் கலக்க அரசு வைத்திருக்கும் இலக்கு 2027-இல் 1 சதவீதம், 2030-இல் 5. அதுவும் வெளிநாட்டு விமானங்களுக்கு. உங்கள் வாகைக்குளம் விமானம் அதில் சேர்த்தியே இல்லை.

உங்கள் கடைசி வரிதான் என்னைத் தூங்கவிடவில்லை. 'நம் தரிசு' என்று எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டீர்கள்! யாருடைய தரிசு? நாங்குநேரிப் பக்கம் எங்களுக்கு மூன்று ஏக்கர் மானாவாரி. மழை பெய்தால் உளுந்து, பொய்த்தால் கிடை ஆடு மேயும். 2006-இல் ஒரு கம்பெனிக்காரர்கள் வந்து காட்டாமணக்கு நாற்று கொடுத்தார்கள். தண்ணீரே வேண்டாம், காயை நாங்களே எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். அப்பா நம்பினார். செடி சாகவில்லை, பச்சையாகவே நின்றது. காய்தான் பிடிக்கவில்லை. உயிரோடு நிற்கத் தண்ணீர் வேண்டாம், காய்க்க வேண்டும் என்பதை யாரும் சொல்லவில்லை. நாலாம் வருஷம் ஒரு சாக்குக் காய் பறித்தோம். எடுக்க ஆள் வரவில்லை. ஆடுகூட வாய் வைக்காத இலை அது. கிடைக்காரர்கள் வேறு ஊர் பார்த்துப் போய்விட்டார்கள்.

2018 ஆகஸ்ட் 27 அன்று காட்டாமணக்கு எண்ணெய் கலந்து டேராடூனிலிருந்து டெல்லிக்கு விமானம் பறந்ததை டிவியில் காட்டினார்கள். "நம்ம செடியா அது?" என்று மட்டும் கேட்டார் அப்பா.

அந்த எரிபொருளைத் தயாரித்த விஞ்ஞானிகள் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள். விமானம் கக்கும் புகை குறைவதில்லை. செடி காற்றிலிருந்து எடுத்த கரிமம் திரும்பக் காற்றுக்கே போகிறது, அதனால்தான் கணக்கில் குறைவு. உளுந்தை விரட்டி, மோட்டார் ஓட்டி, உரம் போட்டு வளர்த்த செடிக்கு 80 சதவீதம் எங்கிருந்து வரும்? பொரித்து மிஞ்சிய எண்ணெய்க்கு வரும். பானிப்பட்டில் இந்தியன் ஆயில் அதிலிருந்து விமான எரிபொருள் தயாரிக்கச் சான்றிதழ் வாங்கியிருக்கிறது. நம் பஜ்ஜிக் கடைகளில் கறுத்த எண்ணெய் விலைக்குப் போய் இன்னொரு சட்டியில் கொதிக்கிறதே, அதை எடுக்க வண்டி அனுப்பட்டும். நானே கடை கடையாகக் கூட வருகிறேன். வயலைத் தொட வேண்டாம்.

அடுத்த முறை வரும்போது நாங்குநேரிக்கு வாருங்கள். இப்போது உளுந்து பூத்திருக்கிறது.