பிரெஞ்சு வகுப்பில் ‘நான் யார்?’: கேள்வியே பாடமாக வேண்டும்

கேள்வி: தனியார் பள்ளி ஒன்றில் ஒன்பதாம் வகுப்புக்குப் பிரெஞ்சு கற்பிக்கிறேன். மாணவர்கள் இலக்கணத்தை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கிவிடுகிறார்கள். பேசச் சொன்னால் வாய் திறப்பதில்லை. பிரெஞ்சு வரலாறும் மனத்தில் நிற்பதில்லை. ‘யாரென்று கண்டுபிடி’ போன்ற விளையாட்டுகள் உண்மையிலேயே பயன் தருமா? வகுப்பில் 35 பேர். பாடவேளை 40 நிமிடம்.

பதில்: நிச்சயம் பயன் தரும். ஆனால் விடையைச் சொன்னவருக்கே எல்லா மதிப்பெண்ணும் என்று வைத்தால், ஏற்கெனவே வரலாறு தெரிந்த நான்கைந்து பேர் விளையாடுவார்கள், மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். ஆகவே ஐந்து ஐந்து பேராக ஏழு குழுக்கள் பிரித்து, பிழையில்லாமல் பிரெஞ்சில் கேட்கப்படும் ஒவ்வொரு கேள்விக்கும் இரண்டு மதிப்பெண்ணும், விடைக்கு ஒன்றும் கொடுங்கள். கூச்சப்படும் மாணவர்கள் பேசத் தொடங்க இந்த ஒரு மாற்றமே பெரும்பாலும் போதுமானது.

முதல் நாளுக்குப் பிரெஞ்சு வீராங்கனை ஜோன் ஆஃப் ஆர்க் பொருத்தமானவர். ‘நான் தோம்ரெமியில் பிறந்தேன்’ என்ற குறிப்பை நீங்கள் பிரெஞ்சில் வாய்மொழியாகச் சொன்னால், பேசுபவர் ஆணா பெண்ணா என்று எவராலும் சொல்ல முடியாது. ‘பிறந்த’ என்பதற்கான ‘நே’ இரு பாலுக்கும் ஒரே ஒலிதான். அதையே கரும்பலகையில் எழுதினால், பெண்பாலுக்குக் கூடுதலாக வரும் ‘இ’ எழுத்து குட்டை உடைத்துவிடும். அடுத்து, ‘1431-ல் ரூவானில் இறந்தேன்’ என்ற குறிப்பைச் சொல்லுங்கள். ஆண் என்றால் ‘மோர்’, பெண் என்றால் ‘மோர்த்’. கடைசியில் ஒலிக்கும் அந்த மெல்லிய ‘த்’ காதில் விழுந்த மாணவர் ‘பெண்!’ என்று எழுந்து நிற்பார். பால் இயைபு விதியை விளக்க நான் பல பாடவேளைகள் செலவழித்திருக்கிறேன். அந்த ஒரு நொடி செய்வதை அந்த விளக்கங்கள் செய்ததில்லை.

அடுத்த சுற்றில் நீங்களே வரலாற்று மனிதராக இருந்துகொண்டு ‘உய்’ (ஆம்), ‘நோன்’ (இல்லை) என்று மட்டும் பதில் சொல்லுங்கள். மாணவர்கள் ஆம்-இல்லை கேள்விகளுக்கான ‘எஸ் க’ என்ற தொடரில் தொடங்கிக் கேள்வி கேட்கட்டும். இதற்கு மேரி கியூரி மிக நல்ல தேர்வு. ‘நீங்கள் பிரான்சில் பிறந்தவரா?’ என்றால் இல்லை, வார்சாவில். ‘நீங்கள் பிரெஞ்சுக் குடிமகளா?’ என்றால் ஆம், 1895-ல் பியேரை மணந்ததால். இந்த இரண்டு பதில்களும் முரண்படுவதாக வகுப்பு குழம்பும்போது உடனே விளக்கிவிடாதீர்கள். பிறப்பு வேறு, குடியுரிமை வேறு என்பதை அவர்களே கேள்வி கேட்டுக் கண்டுபிடிக்கட்டும்.

எண்களுக்கு ஆண்டைக் கண்டுபிடிக்கும் விளையாட்டு. 1000-க்கும் 2000-க்கும் இடையில் ஓர் ஆண்டை மனத்தில் வைத்துக்கொண்டு, ‘அவான்’ (முன்), ‘அப்ரே’ (பின்) என்று மட்டும் சொல்லுங்கள். ஒவ்வொரு முறையும் பாதியாகப் பிரித்துக் கேட்டால் பத்துக் கேள்விகளுக்குள் ஆண்டு சிக்கிவிடும். 1789-ஐ ‘ஆயிரத்து எழுநூற்று நான்கு-இருபது-ஒன்பது’ என்ற பிரெஞ்சு வழக்கில் நாலைந்து முறை சொன்ன பிறகு, 80-க்கு மேற்பட்ட எண்கள் பயமுறுத்துவதில்லை.

ஆண்டு கிடைத்ததும் விளையாட்டை முடித்துவிடுவதுதான் பல வகுப்புகளில் நடக்கும் பெரிய தவறு. பிரெஞ்சுப் புரட்சியின்போது, 1789 ஜூலை 14 அன்று, பாரிசின் பாஸ்தீய் சிறையில் இருந்தவர்கள் ஏழே கைதிகள்; பிறகு மக்கள் ஏன் அதைத் தாக்கினார்கள் என்று கேளுங்கள். அன்று காலை அன்வலீத் மாளிகையில் துப்பாக்கிகளை எடுத்துக்கொண்ட கூட்டத்துக்கு வெடிமருந்து தேவைப்பட்டது, அது பாஸ்தீயில் இருந்தது என்பதை மாணவர்கள் ஊகித்துச் சொல்ல ஐந்து நிமிடமாவது ஒதுக்குங்கள். அதுபோல, கட்டுக்கதையைக் குறிப்பாகத் தராதீர்கள். ‘ரொட்டி இல்லையென்றால் கேக் சாப்பிடட்டும்’ என்று பிரெஞ்சு அரசி மரி அந்துவானெத் சொன்னதற்குச் சான்றில்லை. அவர் பிரான்சுக்கு வருவதற்கு முன்பே எழுத்தாளர் ரூசோ அதை யாரோ ஓர் இளவரசி சொன்னதாக எழுதிவிட்டார். விளையாட்டில் கற்றது எளிதில் மறப்பதில்லை என்பதால், தவறும் அதே உறுதியோடு தங்கிவிடும்.

விடை தெரியாதவர்களுக்கும் பிரெஞ்சில் ஒரு வழி இருக்கிறது. தோல்வியை ஒப்புக்கொள்ளும்போது பிரெஞ்சுக்காரர்கள் ‘என் நாக்கைப் பூனைக்குக் கொடுக்கிறேன்’ என்பார்கள்: ‘ஜ தோன் மா லாங் ஓ ஷா.’ ‘தெரியாது சார்’ என்பதற்குப் பதிலாக இதைச் சொல்லவும் ஒரு மதிப்பெண் உண்டு என்று அறிவியுங்கள். அந்தப் பூனையிலிருந்தே ஒரு சொல் விடுகதையும் போடலாம்: பூனை என்ற சொல்லை எழுதி, அதன் பக்கத்தில் தண்ணீர் என்ற சொல்லை எழுதினால் வருவது எது? பூனை ‘ஷா’வும் தண்ணீர் ‘ஓ’வும் சேர்ந்தால் கோட்டை, அதாவது ‘ஷாத்தோ’ (எழுதும்போது முதலில் வரும் ‘ஆ’வின் மேல் ஒரு தொப்பிக்குறி வேண்டும்). ‘ஷா’வின் கடைசியில் ஊமையாக இருந்த ‘த்’ எழுத்து ‘ஷாத்தோ’வில் உயிர் பெறுவதை அவர்களே கவனிப்பார்கள்.

இரண்டு மூன்று வாரம் கழித்துக் குறிப்புகளை எழுதும் வேலையை மாணவர்களிடம் கொடுத்துவிடுங்கள். கடினமானது முதலிலும் எளிதானது கடைசியிலும் வர வேண்டும். மாதிரிக்கு ஒன்று: ‘நான் 1709-ல் பிறந்தேன். 1736 முதல் நாட்குறிப்பு எழுதினேன். ஆளுநர் தூப்ளேக்குத் துபாஷியாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்தேன். நான் எழுதியது தமிழில்.’ நான்காவது குறிப்பு வரும்வரை எல்லோரும் ஒரு பிரெஞ்சுக்காரரையே தேடிக்கொண்டிருப்பார்கள். விடை, புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளை.