குடியாத்தத்தில் என்ன வரலாறு இருக்கிறது, டீச்சர்?

கேள்வி: வணக்கம் டீச்சர். நாங்கள் குடியாத்தத்தில் இருக்கிறோம். வீட்டுக்காரர் லுங்கித் தறி நெய்கிறார், நான் டெய்லர். மகள் பிளஸ் ஒன், வரலாறு குரூப். பத்தாவதில் சமூக அறிவியலில் 91 வாங்கியவள். இப்போது இருக்கிற வரலாற்று டீச்சர், கைடைப் பார்த்து எழுதினால் ஒத்துக்கொள்வதில்லை. வேலூர்ப் புரட்சி பாடத்தில் வைத்த வகுப்புத் தேர்வில், கைடில் இருந்த காரணங்களை ஒன்று விடாமல் எழுதியிருக்கிறாள். ஐந்துக்கு இரண்டு மார்க்தான். விடைத்தாள் நகல் இணைத்திருக்கிறேன். வாரா வாரம் பாடத்தைச் சொந்த வார்த்தையில் ஒரு பக்கம் எழுத வேண்டுமாம். பிப்ரவரி கடைசிக்குள் 'எங்கள் ஊர் வரலாறு' என்று எட்டுப் பக்கம் ப்ராஜெக்ட் வேறு. குடியாத்தத்தில் என்ன வரலாறு இருக்கிறது, டீச்சர்? தறியும் தீப்பெட்டியும்தான். 83 வயது மாமியார், காமராஜர் எங்கள் தெருவுக்கு வந்தார் என்று ஓயாமல் சொல்வார். அதை எழுதினால் மார்க் போடுவார்களா? பிள்ளை ராத்திரி பதினோரு மணி வரை உட்கார்ந்து அழுகிறாள். பிளஸ் டூவுக்கு வேறு பள்ளி பார்க்கலாமா?

- ஒரு வாசகி, குடியாத்தம்

பதில்: பள்ளி மாற்றும் பேச்சை இப்போதைக்கு எடுக்காதீர்கள் அம்மா. முதலில் அந்த இரண்டு மார்க்கைப் பார்ப்போம்.

விடைத்தாளை இரண்டு முறை படித்தேன். கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது. எழுதியதில் தப்பு என்று ஒரு வரியைக்கூடக் காட்ட முடியாது. ஆனால் கேள்வி என்ன என்று பாருங்கள்: "புதிய தலைப்பாகை மட்டும்தான் வேலூர்ப் புரட்சிக்குக் காரணமா? விளக்குக." அந்த 'மட்டும்தானா'வில்தான் மீதி மூன்று மார்க் ஒளிந்திருக்கிறது. உங்கள் மகள் அதைக் கவனிக்காமல், 'காரணங்கள் யாவை' என்ற கேள்விக்குக் கைடில் இருந்த விடையை அப்படியே இறக்கி வைத்துவிட்டாள்.

எப்படி எழுதியிருக்கலாம்? தலைப்பாகை பெரிய காரணம்தான் என்று ஒப்புக்கொண்டே ஆரம்பிக்கலாம். தொப்பி போன்ற தலைப்பாகை, அதில் தோல் சின்னம். தாடியை மழிக்க வேண்டும். நெற்றியில் குறி கூடாது. காதில் கடுக்கன் கூடாது. இந்துவுக்கும் முஸ்லிமுக்கும் ஒரே நேரத்தில் வலித்த உத்தரவு. 1806 மே மாதமே சிப்பாய்கள் முரண்டு பிடித்தார்கள். இரண்டு பேருக்குக் கசையடி கொடுத்து வேலையை விட்டு அனுப்பினார்கள். ஒருவர் இந்து, ஒருவர் முஸ்லிம். சரி, அப்படியானால் ஜூலை 10 விடிவதற்குள் கோட்டையைப் பிடித்தவர்கள் ஏன் மைசூரின் புலிக்கொடியை ஏற்றினார்கள்? தலைப்பாகைதான் பிரச்சினை என்றால் திப்புவின் கொடி எதற்கு? 1799இல் திப்பு இறந்த பிறகு அவர் பிள்ளைகளையும் குடும்பத்தையும் கொண்டுவந்து வைத்திருந்தது இதே கோட்டையில். தெற்கே பாளையக்காரர்களை அடக்கி முடித்து ஐந்து வருஷம்தான் ஆகியிருந்தது. இவ்வளவையும் அவள் எழுத வேண்டியதில்லை. தலைப்பாகை உரசிய குச்சி, மருந்து அதற்கு முன்பே பூசியிருந்தது என்று ஒரு வரியில் தன் முடிவைச் சொல்லி, கொடியைச் சான்றாகக் காட்டியிருந்தால் நானே நாலு போட்டிருப்பேன். தீப்பெட்டி ஊர்ப் பெண்ணுக்கு இந்த உவமையை நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

கைடைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. பிளஸ் டூ பொதுத்தேர்வில் எழுத்துத் தேர்வு 90 மார்க். அதில் ஒரு மார்க் கேள்வி மட்டும் 20. அதற்குக் கைடும் புக் பேக்கும் போதும். இரண்டு மார்க், மூன்று மார்க் இரண்டிலும் பத்துக் கேள்வியில் ஏழு எழுத வேண்டும், ஒன்று கட்டாயம். கட்டாயக் கேள்வியைப் பாடத்துக்குள்ளிருந்து எடுத்துக் கேட்டுவிட்டால், கைடை மட்டும் நம்பி வந்த பிள்ளைகள் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். தேர்வு அறையில் நின்று நிறையப் பார்த்திருக்கிறேன். ஐந்து மார்க் கேள்விகள் ஏழு, மொத்தம் 35. அங்கேதான் உங்கள் டீச்சர் இப்போது பழக்குவது உதவும்.

என் பழைய தப்பு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் நோட்ஸ் டிக்டேட் செய்துகொண்டிருந்தேன். இதே பாடத்துக்கு ஒரு பையன், புரட்சியை அடக்கிய ஆங்கிலேய அதிகாரியைப் பற்றி, "கில்லெஸ்பி ஆற்காட்டிலிருந்து ரயிலில் படையோடு வந்தார்" என்று எழுதியிருந்தான். வகுப்பே சிரித்தது. நானும் சிவப்பு மையில் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டேன். ராயபுரத்திலிருந்து வாலாஜா வரை ரயில் ஓடியதே 1856இல்தான், சரியாக 50 வருஷம் கழித்து. ஆனால் அந்தப் பையன் ஒரு நல்ல சந்தேகத்தில் மாட்டிக்கொண்டிருந்தான் என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது. ராத்திரி நடந்த விஷயம் 25 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ஆற்காட்டுக்குப் போய், அங்கிருந்து படை கிளம்பி, காலையிலேயே வேலூருக்கு எப்படி வந்து சேர்ந்தது? அன்றிரவு கோட்டைக்கு வெளியே இருந்த ஓர் ஆங்கில அதிகாரி சேதி கொண்டுபோனார், வந்தது குதிரைப்படை. 'ரயில் எப்படி வந்தது என்று நினைத்தாய்?' என்று நான் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவனே கண்டுபிடித்திருப்பான். உங்கள் டீச்சர் கேட்கிற ஆள் போலிருக்கிறது. அவரை விட்டுவிடாதீர்கள்.

வாராந்திர ஒரு பக்கம் மட்டும் கொஞ்சம் அதிகம்தான். ஆறு பாடம் படிக்கிற பிள்ளை அது. 'சொந்த வார்த்தையில் எழுது' என்று சொன்னால் போதாது, எப்படி என்று வகுப்பில் ஒருமுறையாவது எழுதிக் காட்ட வேண்டும். அதுவரை இப்படிச் செய்யட்டும்: பாடத்தைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி, தறியில் இருக்கிற அப்பாவிடம் கதையாகச் சொல்லட்டும். அவர் "அதுக்கு ஏன் அவன் அப்படிப் பண்ணான்?" என்று கேட்கிற இடத்தைக் குறித்துக்கொண்டு, அந்த ஏனுக்கு மட்டும் பதில் எழுதட்டும். அரைப் பக்கம் வந்தால் அரைப் பக்கம். அரை மணி நேரத்துக்கு மேல் இதற்கு வேண்டாம். பதினோரு மணிக்கு எழுதுவது யார் வார்த்தையாகவும் இருக்காது.

இனி ப்ராஜெக்ட். முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், கோபப்படாதீர்கள். அகமதிப்பீடு மொத்தம் 10 மார்க், அதில் ஒப்படைவு, களப்பயணம் வகையறாவுக்கு 2. எட்டுப் பக்கத்துக்கு அவ்வளவுதான். ஆகவே கலர் பிரிண்டுக்கும் சார்ட்டுக்கும் காசு கொட்ட வேண்டாம், இணையத்திலிருந்து இறக்கிக் கோட்டைப் படம் ஒட்டவும் வேண்டாம்.

வீட்டுப் பெட்டியைத் திறங்கள். மாமியாரின் பழைய நிலப் பத்திரம், உங்கள் வீட்டுக்காரரின் டி.சி., உங்கள் கல்யாணப் பத்திரிகை, மகளின் சாதிச் சான்றிதழ் எல்லாவற்றையும் எடுத்து மாவட்டத்தின் பெயரை மட்டும் பாருங்கள். பழையதில் வட ஆற்காடு என்றிருக்கும். 1989இல் அதைப் பிரித்தபோது நம் பக்கம் வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம், அந்தப் பக்கம் திருவண்ணாமலை சம்புவராயர் மாவட்டம். அப்புறம் வேலூர் மாவட்டம். 2019இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனியாகப் போயின. தாத்தாவுக்குத் தாத்தா காலத்துக் காகிதம் ஏதாவது கிடைத்தால் இன்னும் நல்லது. 1911 வரை வட ஆற்காட்டுக்குத் தலைநகரமே சித்தூர்தான். வீடு இருந்த இடத்திலேயே இருக்க, விலாசம் மட்டும் ஏன் மாறிக்கொண்டே வந்தது என்பது இரண்டு பக்கத்துக்குத் தாராளமாக வரும்.

மாமியார் விஷயத்துக்கு வருகிறேன். அவர் சொல்வதைத் தாராளமாக எழுதலாம். 1954 ஏப்ரலில் காமராஜர் முதலமைச்சரானபோது அவர் சட்டமன்ற உறுப்பினர் இல்லை. ஆறு மாதத்துக்குள் எங்காவது ஜெயித்தாக வேண்டும். அதே வருஷம் இடைத்தேர்தலில் நின்று ஜெயித்த தொகுதி உங்கள் குடியாத்தம். மாமியாருக்கு அப்போது பத்து, பதினோரு வயது இருந்திருக்கும். ஆக, அவர் சொல்வது நடந்திருக்கக்கூடிய விஷயம்தான். ஆனால் 'பாட்டி சொன்னார்' என்று ஒரு வரியில் முடித்தால் மார்க் வராது. மகளை ஒரு நோட்டோடு உட்காரச் சொல்லுங்கள். நீ எங்கே நின்று பார்த்தாய், யார் கூட்டிப்போனார்கள், அவர் என்ன பேசினார் என்று நினைவிருக்கிறதா, வீட்டில் யாருக்கு ஓட்டு இருந்தது, யார் வேண்டாம் என்றார்கள்? பாட்டியின் வார்த்தை எப்படி வருகிறதோ அப்படியே எழுதிக்கொள்ளட்டும், திருத்த வேண்டாம். பிறகு அதே தெருவில் அந்த வயதுக்காரர் இன்னொருவரிடம் தனியாகக் கேட்கட்டும். இரண்டு பேரும் ஒன்றாகச் சொல்வது எது, முட்டுவது எது என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் அதுவே ப்ராஜெக்டின் நடுப்பகுதி. அவர் வந்தது பிறகு வேறொரு தேர்தலுக்காகவும் இருக்கலாம், அதையும் எழுதட்டும். பெரிய வரலாற்றிலும் இதே கதைதான்: வேலூரில் அன்று செத்த சிப்பாய்கள் 350 பேர் என்று எழுதியவர்கள் உண்டு, 800க்கு மேல் என்று எழுதியவர்களும் உண்டு.

'ஹிஸ்டரி படித்து என்ன வேலை' என்று சொந்தக்காரர்கள் ஆரம்பித்தால், டி.என்.பி.எஸ்.சி.யும் சட்டக் கல்லூரியும் இருக்கின்றன என்று சொல்லிவிட்டுக் காபி கொடுங்கள்.

டீச்சரைப் போய்ப் பாருங்கள், சண்டைக்கு இல்லை. மகளையும் கூட்டிப்போங்கள். வாரம் ஒரு பக்கம் முடியவில்லை, அரைப் பக்கம் ஏற்பீர்களா என்று அவளே கேட்கட்டும். நீங்கள் ஒன்றே ஒன்று கேளுங்கள்: முந்தைய வருஷப் பிள்ளை யாராவது இந்த மாதிரிக் கேள்விக்கு ஐந்துக்கு ஐந்து வாங்கிய விடைத்தாள் இருந்தால், பெயரை மறைத்துவிட்டுக் காட்ட முடியுமா என்று. இருந்தால் அங்கேயே உட்கார்ந்து மகள் இரண்டு முறை படிக்கட்டும். இல்லையென்றால், அவளுடைய இரண்டு மார்க் விடையையே திரும்ப எழுதிக் கொண்டுவருகிறாள், பார்த்துத் திருத்திக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.